அடர்ந்த வனப்பகுதி எங்கே இருக்கிறது?

“கூண்டில் சிக்கிய சிறுத்தை அடர்ந்த வனப்பகுதியில் விடப்பட்டது.” மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய எந்த மாவட்டத்துச் செய்தியைப் புரட்டினாலும் இந்த வரி அகப்படும். செய்தியும் அதோடு முடிந்துவிடும். படிப்பவருக்கு நிம்மதி. ஊரைப் பிடித்த பீடை விலகியது; வாயில்லா ஜீவனும் உயிரோடு தன் வீடு போய்ச் சேர்ந்தது. எந்த வனம், அங்கே ஏற்கெனவே எத்தனை சிறுத்தைகள், அந்த மலையின் மறுசரிவில் யாருடைய ஊர் என்றெல்லாம் செய்தியில் இருக்காது. நாமும் கேட்க மாட்டோம்.

வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். மறியலில் உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் தொழிலாளி “புடிச்சுக் கொண்டுபோய்க் காட்டுல விடு” என்கிறார். சென்னையிலிருந்து “புலியைச் சுடாதே” என்று பதிவு போடும் விலங்கு நேசரும் அதையேதான் சொல்கிறார். சட்டமன்ற உறுப்பினர் இருவருக்கும் சேர்த்து வாக்குறுதி கொடுக்கிறார். இத்தனை பேருக்கும் இனிக்கிற இந்த மருந்து மலையில் வாழ்கிறவர்களைக் காப்பாற்றவில்லை. சில இடங்களில் அதுவே ஆளைக் கொன்றிருக்கிறது.

புணே மாவட்டத்து ஜுன்னரில் நடந்ததைப் பாருங்கள். கரும்புத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தைகள் குட்டிபோட்டு வாழும் வட்டாரம் அது. 2001 முதல் 2003 வரை வனத்துறை அங்கே கூண்டு வைத்துப் பிடித்து, தொலைவிலுள்ள காடுகளில் கொண்டுபோய் விட்டது. அதற்கு முன் அந்த வட்டாரத்தில் சிறுத்தை மனிதரைத் தாக்கியது ஆண்டுக்குச் சராசரி 4 முறை. பிடித்து விட ஆரம்பித்த பிறகு அது ஆண்டுக்கு 17 ஆனது. உயிர்ப்பலியின் விகிதமும் கூடியது. வித்யா ஆத்ரேயாவும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் கண்மூடித்தனமாகக் கூண்டு வைக்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அது அலமாரியில் இருக்கிறது. கூண்டு மட்டும் இன்னும் லாரி ஏறிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? சிறுத்தைக்கும் புலிக்கும் தன் ஆட்சிப்பரப்பு அத்துபடி. எந்த ஓடையில் தண்ணீர், எந்தப் புதரில் மறைவு, எந்த நேரத்தில் மனிதன் அந்த வழியாக வருவான், எல்லாம் தெரியும். மனிதனை விட்டு விலகி நடக்க உதவுவதே அந்தப் பழக்கம்தான். கூண்டுக் கம்பியில் பல்லை உடைத்துக்கொண்டு, கூட்டத்தின் கூச்சலில் மிரண்டு, முன்பின் தெரியாத மலையில் இறக்கிவிடப்படும் விலங்குக்கு அது எதுவும் கிடையாது. அந்த இடத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரன் இருப்பான், அவன் விரட்டுவான். ஓடி ஒதுங்கும் இடம் காட்டின் ஓரமாக இருக்கும். ஓரத்தில் ஊர் இருக்கும். இதற்கிடையில், பிடித்த இடத்தில் காலியான பரப்பு ஒன்றும் சும்மா கிடக்காது. இடம் தேடி அலைகிற இளவட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அல்லது விட்டதே நடந்து திரும்பும். 2009-இல் மகாராஷ்டிரத்தில் கிணற்றிலிருந்து மீட்ட ஒரு கிழட்டுச் சிறுத்தைக்கு ரேடியோ காலர் மாட்டி மால்ஷேஜ் கணவாய்ப் பக்கம் விட்டார்கள். அஜோபா என்று பெயர், மராத்தியில் தாத்தா. தாத்தா நெடுஞ்சாலையைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, உப்பங்கழியை நீந்திக் கடந்து, சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் போய் நின்றார். வழியில் யாரையும் தொடவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டோம் என்று கணக்கு எழுதுகிறவர்கள் இந்தத் தாத்தாவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

புலிக்கு வருவோம். 2014 நவம்பரில் சிக்கமகளூரு காபித் தோட்டப் பகுதியில் கர்நாடக வனத்துறை பிடித்த புலியை, காலர் மாட்டி, கோவா எல்லையை ஒட்டிய பீம்காட் சரணாலயத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே கானாப்பூர் தாலுகாவில் ஒரு பெண்ணை அது கொன்றது. பிறகு சுட்டுக் கொன்றார்கள். சிக்கமகளூருவின் பிரச்சினை தீர்ந்ததா என்றால் தீர்ந்தது. கானாப்பூர்க்காரர்களிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

2022 அக்டோபரில் மூணாறு நயமக்காடு எஸ்டேட்டில் ஒரு புலி பத்துக்கு மேற்பட்ட மாடுகளை அடித்தது. மூணாறு எஸ்டேட்டுகளில் மாடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளிகள். கொழுந்து பறிக்கிற கூலி அரிசி பருப்புக்கு. பிள்ளை படிப்புக்கும் கல்யாணச் செலவுக்கும் நம்பியிருப்பது பால் காசை. ஒரே இரவில் தொழுவத்தில் நாலைந்து மாடு கிடந்தால் அந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு பின்னால் போகும்? மறியல் நடந்ததில் வியப்பில்லை. புலி பிடிபட்டது. பார்த்தால் அதற்கு ஒரு கண்ணில் புரை. காட்டு மாட்டையும் கடமானையும் துரத்த முடியாமல்தான் கட்டிக்கிடந்த மாட்டைத் தேடி வந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு அதைப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். சில நாளில் அணை நீரில் மீன் வலை சுற்றிப் பிணமாக மிதந்தது. ஒற்றைக் கண் புலியைப் புதிய காட்டில் விடுவதில் என்ன கருணை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம் மலைகளில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. முதுமலை தமிழ்நாடு, பந்திப்பூர் கர்நாடகம், வயநாடு கேரளம். மூன்றும் ஒரே காடு. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனித் தலைமை வன உயிரினக் காப்பாளர்; அவர் கையெழுத்து எல்லைக் கல்லோடு நின்றுவிடும். எனவே ‘அடர்ந்த வனப்பகுதி’ என்பதற்கு நடைமுறையில் ஒரே பொருள்: நம் ஊர்க்காரர் கேள்வி கேட்க முடியாத தூரம். அது பல நேரம் அடுத்த மாநிலத்தின் கொல்லைப்புறமாக இருந்துவிடுகிறது. யானை வேட்டை விலங்கு இல்லைதான், ஆனாலும் அரிக்கொம்பனை யார் மறப்பார்கள்? 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றில் கேரளம் விட்டது. மேகமலை வழியாக இறங்கி மே மாதம் கம்பம் தெருக்களில் ஓடியது. பிறகு தமிழகம் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப்போனது. கூடலூரிலும் வயநாட்டிலும் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் “அவனுங்க புடிச்சு இந்தப் பக்கம் விட்டுட்டானுங்க” என்ற பேச்சு கிளம்பும். பெரும்பாலும் வதந்திதான். அந்த வதந்திக்குத் தீனி போட்டது யார்?

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் டிரென்டினோவில் பிறந்த புரூனோ என்ற கரடி ஆல்ப்ஸ் மலையேறி ஆஸ்திரியா வழியாக ஜெர்மனியின் பவேரியாவுக்குள் நுழைந்தது. 170 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த காட்டுக் கரடி என்று முதலில் வரவேற்பு. ஆடுகளை அடித்ததும் 2006 ஜூன் 26 அன்று சுட்டுவிட்டார்கள். அந்த மலையில் கரடி இனத்தை மீண்டும் பெருக்க இத்தாலி பணம் செலவழித்துக்கொண்டிருந்தது. இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்திருக்கிறார்கள்.

“அப்படியென்றால் பிள்ளைகள் சாகட்டும் என்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. மனிதரைத் திரும்பத் திரும்பக் கொல்கிறது என்று கேமராப் படமும் தடயமும் உறுதிசெய்த விலங்கை அகற்றத்தான் வேண்டும், அதுவும் நிரந்தரமாக. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியை மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் காட்டில் விடவில்லை. அது சரியான முடிவு. பிடிக்க வழியில்லாத நிலையில் சுடுவதும் சரியே. இதைச் சொல்ல விலங்கு நேசர்கள் கூசக் கூடாது. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்தால், பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்றால்தான் கொல்ல அனுமதி. பிடித்ததைக் காட்டில் மறுவாழ்வு தர முடியாது என்றால்தான் அடைத்துவைக்க அனுமதி. ‘காட்டில் விடு’ என்ற நம்பிக்கை சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

கூண்டுக்கு இன்னொரு கோளாறு. கொன்றது எது என்று அதற்குத் தெரியாது. ஆட்டைக் கட்டினால் பசித்து வருவது எதுவோ அது மாட்டும். மறுநாள் படம் எடுப்பார்கள். ஊர் அடங்கும். குற்றவாளி தேயிலைக்குள் படுத்திருக்கும்.

வால்பாறையில் 2024-லும் 2025-லும் வடமாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்களின் சிறுமிகளைச் சிறுத்தை கொன்றது. இரண்டு முறையும் கூண்டு வந்தது. நான் பார்க்கச் சொல்வது கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லைன் வீட்டை. வாசலுக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவே ஆள் நடக்கிற அகலம்தான் இருக்கும். செடி இடுப்பளவு, கீழே சிறுத்தை படுத்தால் தெரியாது. கக்கூஸ் கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாய் இன்னும் தள்ளி. தெருவிளக்கு இருந்தால் எரியாது. கோழிக் கழிவைப் பள்ளத்தில் கொட்டுவார்கள், நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அம்மா வேலை முடிந்து கொழுந்து எடை போட்டு வீடு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அந்த அரைமணி, ஒருமணி நேரம் பிள்ளை வெளியே தனியாக. சிறுத்தைக்கு அந்த உயரத்தில் நிற்கும் உருவம் மனிதனாகத் தெரியாமல் போக வாய்ப்புண்டு. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த மலையின் சங்கதி யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எச்சரிக்கைப் பலகை தமிழில் இருந்தால் அவர்களுக்கு அது வெறும் தகரம்.

வீடு, கழிப்பறை, குழந்தைக் காப்பகம் எல்லாம் தோட்ட முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வாசலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடிக்குப் புதர் வெட்டுவது, கழிப்பறையை வீட்டோடு சேர்ப்பது, விளக்கு எரிவதை உறுதிசெய்வது, காப்பகத்தை அம்மா வரும்வரை திறந்துவைப்பது: இதில் எது முடியாத காரியம்? ஆனால் இதற்கு நிர்வாகம் செலவு செய்ய வேண்டும்; கூண்டுக்கு அரசு செலவு செய்கிறது. சிறுத்தையைக் குற்றவாளியாக்குவதில் யாருக்கு லாபம் என்று கணக்குப் பாருங்கள்.

அதே வால்பாறையில் யானை விஷயத்தில் வேறு கதை நடந்தது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பவும், கைபேசியிலிருந்து எரியவிடும் சிவப்பு விளக்குகளைச் சாலையோரம் நடவும் ஏற்பாடு செய்தார்கள். யானையைப் பிடித்து எங்கும் விடவில்லை. யானை நிற்கிற இடம் தெரிந்தால் ஆள் வேறு வழியில் போகலாம்; அதனால் உயிர்கள் மிஞ்சின. தகவல் மாநில எல்லையையும் தாண்ட வேண்டும். 2024 மார்ச்சில் பந்திப்பூரில் கூடிப் பேசி, கேரளமும் கர்நாடகமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி தனி. மூன்று மாநிலத்துக் கேமராப் படங்களும் ஒரே இடத்தில் இருந்தால், வயநாட்டில் மாடு அடித்த புலி முதுமலைப் பக்கம் வருவதைக் கூடலூர்க்காரர் மறியலுக்கு முன்பே அறியலாம். கையெழுத்து அந்த அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

மாட்டுக்கான இழப்பீடும் அதே வேகத்தில் வர வேண்டும். சான்று, கால்நடை மருத்துவர், ரேஞ்ச் அலுவலகம் என்று மாதக்கணக்கில் அலைந்தவன் அடுத்த மாடு போனால் மனுவோடு வருவான் என்று எதிர்பார்க்க முடியாது. 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே நீரோடையில் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டைப் புலிக்குப் பறிகொடுத்த ஒருவர், செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்து தடவியதாகக் கைதானார். அந்த மருந்தை வாங்க அவர் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.