குடும்பக் கணக்கு: கேக் விற்ற காசில் உங்கள் கூலி எங்கே?



இந்த மாதம் ஒரு வீட்டுத் தொழிலின் கணக்கைப் பார்ப்போம். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று கேட்டவர்களுக்கு, கேட்ட வடிவத்தில், பெயர் எழுதிக் கேக் செய்து கொடுக்கும் தொழில் அது. பத்திரிகைகள் ‘அணிச்சல்’ என்று அழகாக எழுதினாலும், வீட்டில் நாம் கேக் என்றே சொல்கிறோம்; இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் இந்தத் தொழிலைச் செய்யும் பெண்கள் பலர். கைப்பக்குவத்தில் குறையில்லை. வாங்கியவர்கள் வாயாரப் புகழ்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் பணப்பையைத் திறந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. “பத்துக் கேக் விற்றேனே, காசெல்லாம் எங்கே போனது?” என்ற கேள்விதான் மிச்சம்.

காசு எங்கும் போகவில்லை, சகோதரிகளே. விலை வைத்த அன்றே அது கைவிட்டுப் போய்விட்டது. எப்படி என்று பார்ப்போம்.

மூன்று தவறான வழிகள்

நம்மில் பலர் விலை வைப்பது மூன்று விதமாக. முதலாவது, பக்கத்துத் தெரு அக்கா 70 வெள்ளிக்குக் கொடுக்கிறாரா, நாம் 65 என்று சொல்வது. அந்த அக்கா கணக்குப் பார்த்துத்தான் 70 வைத்தாரா என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவது, மாவு, சீனி, முட்டைக் காசைக் கூட்டி, அதை இரண்டால் பெருக்குவது. மேலே பூவே இல்லாத கேக்குக்கும், இரண்டு நாள் உட்கார்ந்து உருவம் செய்த கேக்குக்கும் இந்தக் கணக்கில் ஒரே இலாபம். மூன்றாவது, கேட்பவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வது. இதில் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்றாகி, கடைசியில் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஒரு கேக்கை அளந்து பார்க்கலாம், வாருங்கள்.

ஒரு கேக்கின் முழுக் கணக்கு

8 அங்குல வட்டக் கேக்; மேலே பட்டர் கிரீம், கொஞ்சம் பூவேலை, ஒரு பெயர். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோதுமை மாவு 250 கிராம்: 80 காசு
சீனி 200 கிராம்: 60 காசு
பட்டர் 500 கிராம் (கேக்குக்குப் பாதி, கிரீமுக்குப் பாதி): 24 வெள்ளி
முட்டை 5: 2 வெள்ளி 50 காசு
ஐசிங் சீனி 400 கிராம்: 2 வெள்ளி 40 காசு
பால், வெனிலா, பேக்கிங் பவுடர், வண்ணம்: 2 வெள்ளி 70 காசு
பெட்டி, அடி அட்டை, மெழுகுவர்த்தி, ரிப்பன்: 6 வெள்ளி

ஆக, பொருள் செலவு 39 வெள்ளி. பெரும்பாலோர் கணக்கு இங்கே நின்றுவிடும். “39 வெள்ளிப் பொருள், 65 வெள்ளிக்கு விற்றேன், 26 வெள்ளி இலாபம்” என்று மனம் மகிழ்ந்துவிடும். ஆனால் இன்னும் கூட்ட வேண்டியவை இருக்கின்றன.

மின்சாரம்: 2,000 வாட் ஓவன் ஒரு மணி நேரம் முழுமையாக எரிந்தால் 2 யூனிட். ஒரு யூனிட் என்ன விலை என்று அறிய, மின்கட்டணச் சீட்டில் உள்ள மொத்தத் தொகையை, செலவான யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். ஓவன், மிக்சர் இரண்டுக்கும் சேர்த்து 1 வெள்ளி 50 காசு என்று வைப்போம்.

கடைக்குப் போய்வர மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்: 3 வெள்ளி.

தேய்மானம்: ஓவனும் மிக்சரும் சேர்ந்து 900 வெள்ளிக்கு வாங்கியிருந்தால், அவை ஏறக்குறைய 300 கேக்குக்கு உழைக்கும் என்று வைத்தால், கேக் ஒன்றுக்கு 3 வெள்ளி. இந்த 3 வெள்ளியைத் தனியே எடுத்து வைக்காதவர், மிக்சர் புகைந்து நின்ற அன்று கூட்டுப் பணத்தில் கைவைக்க நேரும்.

உடைந்த முட்டை, கருகிய அடிப்பாகம், மிஞ்சி வீணான கிரீம்: 1 வெள்ளி 50 காசு.

இப்போது மொத்தச் செலவு 48 வெள்ளி. 65 வெள்ளிக்கு விற்றால் கையில் நிற்பது 17 வெள்ளி.

அந்த 17 வெள்ளி யாருடையது?

அது இலாபம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் செய்த வேலைக்குக் கூலியே அதற்குள்தான் இருக்கிறது. எத்தனை மணி நேரம் வேலை? வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பேசி முடிக்க 20 நிமிடம். கடைக்குப் போய்வர 40. அளந்து கலக்க 40. ஓவனில் இருக்கும்போது எட்டிப் பார்த்துத் திருப்பி வைக்க 20. கிரீம் அடித்துப் பூசிப் பூவேலை செய்து பெயர் எழுத 120. பாத்திரம் கழுவ, மேசை துடைக்க 40. பெட்டியில் வைத்து வந்தவரிடம் ஒப்படைக்க 20. கூட்டினால் 300 நிமிடம். அதாவது 5 மணி நேரம்.

17 வெள்ளியை ஐந்தால் வகுத்தால் மணிக்கு 3 வெள்ளி 40 காசு!

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்ச ஊதியம் 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2025-இல் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. ஒரு முதலாளி உங்களை மணிக்கு 3 வெள்ளி 40 காசுக்கு வேலை வாங்கினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். உங்கள் வீட்டு அடுக்களையில் முதலாளியும் நீங்கள்தான், தொழிலாளியும் நீங்கள்தான். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

நம் குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல. தலைமுறை தலைமுறையாக நம் உழைப்புக்கு விலை வைத்தவர்கள் வேறு ஆட்கள். நிறுவைக் கொட்டகையில் பாலை நிறுத்துக் கிராணி எழுதிய எண்தான் கூலி. செம்பனைக் குலைக்கும் அப்படியே. மரத்தடியில் நின்று நாம் விலை பேசியதில்லை; பேச விட்டதும் இல்லை. இன்று உங்கள் அடுக்களையில், முதல் முறையாக, உங்கள் கைக்கு விலை வைக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. அந்த உரிமை கைக்கு வந்த பிறகும் நம்மை நாமே குறைத்து நிறுக்கலாமா?

சரியான விலை

கேக் வேலை கைத்திறன் வேலை. ஆகவே மணிக்கு 10 வெள்ளி கூலி வைப்போம். 5 மணி நேரத்துக்கு 50 வெள்ளி. செலவு 48-ஐக் கூட்டினால் 98 வெள்ளி. இது அடக்க விலை. இதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து இலாபம், ஏறக்குறைய 15 வெள்ளி. ஆக 113. சொல்ல எளிதாக 115 வெள்ளி என்று வையுங்கள்.

“கூலி எடுத்த பிறகு இலாபம் வேறா?” என்று கேட்கலாம். கூலி உங்கள் கைக்கு, இலாபம் தொழிலுக்கு. வழியில் கேக் சாய்ந்துவிட்டால் திருப்பிச் செய்து கொடுக்கவும், பெரிய ஓவன் வாங்கவும், புதிய பூவேலை கற்க வகுப்புக்குப் போகவும் அந்தப் பணம்தான் உதவும்.

“இந்த விலை சொன்னால் ஆள் வருமா?” என்ற பயம் நியாயமானது. சிலர் வரமாட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். 65 வெள்ளிக்குப் பத்துக் கேக் விற்றால் வரவு 650, செலவு 480. 50 மணி நேரம் உழைத்து மிச்சம் 170 வெள்ளி. 115 வெள்ளிக்கு ஐந்து கேக் விற்றால் வரவு 575, செலவு 240. 25 மணி நேரம் உழைத்து மிச்சம் 335 வெள்ளி. பாதிப் பேர் போனாலும், பாதி உழைப்பில் இரண்டு மடங்கு நிற்கிறது. மிஞ்சும் 25 மணி நேரத்தில் பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம். முதுகைச் சாய்த்துக் கொஞ்சம் தூங்கவும் செய்யலாம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அது கணக்குப் பார்க்காதே என்று சொன்ன பழமொழியல்ல. உழைத்தவனுக்கு மிஞ்சாத நிலையைச் சொன்ன பழமொழி. நமக்கு மிஞ்ச வேண்டுமானால், உழுவதற்கு முன்னாலேயே கணக்குப் பார்க்க வேண்டும்.

அளவு ஏறினால் விலை எவ்வளவு ஏறும்?

இதில் பலர் ஏமாறுகிறார்கள். 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் இரண்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று பத்து வெள்ளி மட்டும் கூட்டுகிறார்கள். வட்டத்தின் பரப்பு அப்படி ஏறுவதில்லை. 6 அங்குல வட்டம் 28 சதுர அங்குலம். 8 அங்குலம் 50. 10 அங்குலம் 79. 12 அங்குலம் 113. உயரம் ஒன்றாக இருந்தால், 8 அங்குலத்துக்கு 5 முட்டை போட்டவர் 10 அங்குலத்துக்கு 8 முட்டை போட வேண்டும். 12 அங்குலக் கேக் என்பது நான்கு 6 அங்குலக் கேக்குக்குச் சமம். பொருள் செலவை இந்தக் கணக்கில் ஏற்றுங்கள். வேலை நேரம் அதே அளவுக்கு ஏறாது. அதைக் கடிகாரம் பார்த்துத் தனியே எழுதுங்கள்.

உறவுக்காரர் வந்தால்

“நம்ம வீட்டுப் பிள்ளைதானே, பார்த்துப் போடு தங்கச்சி” என்று பெரியம்மா மகள் வந்து நிற்பார். முகத்தை முறிக்கவும் முடியாது, நட்டத்துக்குக் கொடுக்கவும் முடியாது. ஒரு வழி உண்டு: விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். “உங்களுக்கு எவ்வளவில் வேண்டும், அக்கா?” என்று கேளுங்கள். 80 வெள்ளி என்றால், “அப்படியானால் 6 அங்குலத்தில், பூ இல்லாமல், பெயர் மட்டும் எழுதித் தருகிறேன்” என்று சொல்லுங்கள். இரண்டு பேர் மனமும் நோகாது.

மிக வேண்டியவர் வீட்டு விசேஷம் என்றால், அரைவிலைக்கு விற்காமல் மொய்யாகவே கொடுத்துவிடுங்கள். கொடுத்ததைக் கணக்குப் புத்தகத்தில் மொய் என்றே எழுதுங்கள். அரைவிலைக்கு ஒரு முறை கொடுத்தால், அதுவே உங்கள் விலையாக ஊரெல்லாம் பரவிவிடும்.

முன்பணமும் விலைப் பட்டியலும்

பெயர் எழுதிய கேக்கை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆகவே பாதிப் பணம் முன்னால் வாங்காமல் மாவில் கைவைக்காதீர்கள். நாள், அளவு, நிறம், பெயரின் எழுத்துகள், விலை எல்லாவற்றையும் எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். சம்பள நாளுக்குப் பிறகுதான் மீதி தருவார்கள் என்றால், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அடிப்படை விலை ஒன்று. அதற்குமேல் உருவம் செய்தால் இவ்வளவு, இரண்டடுக்கு என்றால் இவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் இவ்வளவு என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். பட்டியல் இருந்தால் பேரம் குறையும். கேட்பவரும் எதற்கு என்ன விலை என்று தெரிந்து வாங்குவார்.

பட்டியலை ஆண்டுக்கு இரண்டு முறையாவது திருத்துங்கள். கோழிமுட்டைக்கு அரசாங்கம் கொடுத்து வந்த உதவித்தொகை 2025 மே மாதம் பாதியாகி, ஆகஸ்டு 1-இல் முற்றாக நின்றது. விலைக் கட்டுப்பாடும் அன்றோடு போனது. அப்படிப்பட்ட மாற்றம் வரும்போது பழைய விலையிலேயே நின்றால், அந்த வித்தியாசம் உங்கள் கூலியிலிருந்துதான் போகும். விலை ஏற்றும்போது, “தீபாவளிக்குப் பிறகு இந்த விலை” என்று பழைய வாடிக்கையாளருக்கு முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். பதிவு செய்ய வேண்டும். உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். அந்தச் செலவுகளையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு புத்தகம், ஒரு பை

கடைசியாக, ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள். கேக் பணத்துக்குத் தனிப் பை வையுங்கள். வீட்டுச் சாமான் பணத்தோடு கலந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. கேக் ஒவ்வொன்றுக்கும் பொருள், நேரம், வரவு என்று மூன்று வரி எழுதினால் போதும். கூலியை மாதம் ஒரு முறை, சம்பளம் வாங்குவதுபோல், அந்தப் பையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு சுட்டு விற்பவர், ரவிக்கை தைப்பவர், பூமாலை கட்டுபவர் எல்லாருக்கும் இதே கணக்குத்தான். இன்றிரவு கடைசியாகச் செய்த ஒரு கேக்கை மட்டும் எடுத்து, மேலே சொன்னபடி எழுதிப் பாருங்கள். மணிக்கு எத்தனை வெள்ளி என்று வரும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு, அடுத்தவருக்கு விலை சொல்லும்போது உங்கள் குரல் தயங்காது.

அடுத்த மாதம் வேறொரு கணக்கோடு சந்திப்போம். வணக்கம்.