கொபௌ பூவைச் சூடுங்க, செடியைப் பெயர்க்காதீங்க

அஸ்ஸாமுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் ஒரு ஆசை வரும். ரொங்காலி பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் வைத்திருக்கும் அந்த வெள்ளையும் ரோஸும் கலந்த பூச்சரம் மாதிரி நம்ம வீட்டிலும் ஒண்ணு பூக்கணும், லீவுக்குப் போகும்போது ஒரு செடியை ஊருக்கு எடுத்துப் போகணும் என்று. வேண்டாங்க. ஏன்னு சொல்றேன்.

கொபௌ ஃபூல் என்பது ஒரு காட்டு ஆர்க்கிட். அஸ்ஸாமுக்கும் அருணாசலுக்கும் மாநிலப் பூ. தாவரவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. இலை நுனி மழுங்கி, லேசாக வெட்டுப்பட்டது போல் இருப்பதால் ரெட்யூசா. மல்லிகையை நாம் உட்கார்ந்து தொடுக்கணும். இது தொடுத்த சரமாகவே தொங்கும். ஒரு சரம் ஒரு அடிக்கு மேல், நூறு பூவுக்கு மேல்!

இது மரத்தில் ஒட்டி வளர்வதைப் பார்த்துப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. மரத்திடம் இது வாங்குவது இடம் மட்டும்தான், சாப்பாடு தன் சொந்தச் சமையல். தடித்த வேர்களின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும். மழை நீரையும் அதில் கரைந்து வரும் சத்தையும் அதுதான் உறிஞ்சும். இந்தச் செடியைப் பெயர்த்து வந்து தொட்டி மண்ணில் புதைத்தால்? காற்று கிடைக்காமல் வேர் அழுகும், அவ்வளவுதான்.

'காட்டில்தான் ஆயிரம் இருக்கே சார், ஒண்ணு எடுத்தா என்ன?' என்பார்கள். ஒரு காயில் தூசி போல ஏராளமான விதைகள் இருப்பது உண்மைதான். ஆனால் எந்த விதையிலும் சேமித்த உணவு கிடையாது. சரியான பூஞ்சை துணைக்கு வந்தால்தான் காட்டில் முளைக்கும். முளைத்ததும் பூக்கப் பல வருஷம் ஆகும். எங்க பாஷையில் சொன்னால், பூச்சரம் வட்டி, செடி அசல். வட்டியை அளவோடு எடுத்தால் அடுத்த வருஷமும் வரும். ஆளுக்கு ஒரு அசலை எடுத்துக்கொண்டு போனால் கணக்கையே மூட வேண்டியதுதான்.

அப்போ ஆசையை என்ன செய்வது? வழி இருக்கு. பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922-லேயே நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிவிட்டார். அப்படி வளர்த்த செடிதானா என்று நர்சரியில் கேட்டு வாங்குங்க. தொட்டி மண் வேண்டாம், மரக்கட்டையில் கட்டித் தொங்க விடுங்க. பெண்ணின் பிஹு டான்ஸுக்கு மட்டும்தான் என்றால் கடையில் பிளாஸ்டிக் சரம் கிடைக்கிறது, அது போதும்.

இன்னொரு விஷயம், இதே ஆர்க்கிட் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கு. இங்கிருந்து ரயிலில் ஊருக்குக் கடத்த வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், மரத்திலேயே காட்டுங்க. நீங்க என்ன சொல்றீங்க?