பட்டியல் போடுவோருக்கு ஒரு சொல்

ஓர் அணிக்கு யார் வேண்டும் என்பது ஒரு கேள்வி. அந்த அணிக்கு என்ன வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு ஒரு பெயரைச் சொல்லி விடை பகர்ந்துவிடலாம். பின்னதற்கு விடை காண ஆண்டுக் கணக்கில் உழைக்க வேண்டும். நம் கால்பந்து அன்பர்கள் முன்னதில் மூழ்கிப் பின்னதை அறவே மறந்துவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. அதனை நிறுவவே இக்கட்டுரை எழுதலானேன்.

மஞ்சக்குப்பத்துத் தேநீர்க் கடைகளில் மாலை நேரத்தில் சற்றே செவி சாய்த்தால் போதும். இந்தியன் சூப்பர் லீக் பருவம் நெருங்கும்போதெல்லாம் நம் இளைஞர்கள் ‘சென்னையின் எஃப்.சி.’ அணிக்குப் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இடப்புறத் தற்காப்புக்கு ஆளில்லை. கேரளத்தவர் ஒருவரை வாங்க வேண்டும். நடுக்களம் தளர்ந்துவிட்டது, பிரேசில் நாட்டவர் ஒருவரைக் கொணர வேண்டும். இன்னவருக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. அவரைக் கழித்துவிட வேண்டும். வாதம் முற்றி, நண்பர் நண்பரோடு இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசாமலிருப்பதும் உண்டு. இவர்களின் ஆட்ட அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த வீரருக்கு எந்தக் கால் வலிது என்பது வரை இவர்களுக்கு மனப்பாடம். இத்துணை அறிவும் எங்கே சென்று செலவாகிறது என்பதே என் கவலை.

இந்தப் பட்டியல் வழக்கத்தின் பிறப்பிடத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வீரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் ‘டிராப்ட்’ ஏற்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கால்பந்து என்று வழங்குவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அது நம் ஆட்டமன்று. அந்த ஆட்டத்தில் செல்வம் மிகுந்த அணிகளே நல்ல வீரர் அனைவரையும் கவர்ந்துகொள்வதைக் கண்டு மனம் பொறாத பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், 1935 ஆம் ஆண்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். கடைசி இடத்தில் நின்ற அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும். வெற்றி பெற்ற அணி கடைசியில் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். மெலிந்தவனுக்கு முதற்கவளம் என்னும் நியாயம் அதில் இருந்தது. 1936 இல் முதல் தேர்வு நடந்தது. அந்தத் தேர்வின் முதற்பெயர் ஜே பெர்வாங்கர். தேர்வில் முதல்வராக நின்ற அவர், தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் ஆடவில்லை! பட்டியலின் உச்சியில் இருப்பது வேறு, களத்தில் இருப்பது வேறு என்ற பாடத்தை அம்முறை தன் முதல் நாளிலேயே கற்பித்துவிட்டது.

ஆயினும் அமெரிக்கப் பட்டியலுக்கு ஓர் அடித்தளம் உண்டு. அதன் கீழே பள்ளிகளும் கல்லூரிகளும் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் மைதானமும் பயிற்சியாளரும் உண்டு. ஆண்டுதோறும் புதிய வீரர்கள் விளைந்து வருவதால்தான் ஆண்டுதோறும் தெரிந்தெடுக்க முடிகிறது. விளைச்சல் இருக்கிறது, ஆகவே பங்கீடு இருக்கிறது.

நாமோ பங்கீட்டை மட்டும் இறக்குமதி செய்தோம். 2014 இல் சூப்பர் லீக் தொடங்கியபோதே உள்நாட்டு வீரர்களுக்கு டிராப்ட் நடந்தது. 2015 இல் ஏலமும் நடந்து, சுனில் சேத்ரி 1.20 கோடி ரூபாய்க்கு மும்பை அணிக்குச் சென்றார். 2017 ஜூலை 23 அன்று மும்பையில் பத்து அணிகள் கூடி வீரர்களைப் பகிர்ந்துகொண்டன. புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் அணி, கேரளத்துத் தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடி ரூபாய்க்கு முதற்பெயராக எடுத்தது. அதன் பின்னர் டிராப்ட் கைவிடப்பட்டது. கழகங்கள் வீரர்களோடு நேரே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. முறை போயிற்று, அது விட்டுச்சென்ற மனப்பான்மை மட்டும் நம் இளைஞரிடம் தங்கிவிட்டது. குறை கண்டவுடன் ‘யாரை வாங்கலாம்?’ என்று கேட்கும் மனப்பான்மை அது.

இதற்கு அவர்கள் கூறும் மறுமொழியை நான் அறிவேன். ‘வாங்கித்தானே வென்றோம்?’ என்பார்கள். 2015 டிசம்பரில் கோவாவை 3-2 என்று வென்று சென்னை முதற்பட்டம் பெற்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்று இரண்டாம் பட்டம் பெற்றது. அந்த மூன்று கோல்களில் இரண்டை மெயில்சன் ஆல்வெசும் ஒன்றை ரஃபேல் அகஸ்டோவும் போட்டனர். இருவரும் பிரேசில் நாட்டவர். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்னர் நடந்த அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியவர் யார்? இரண்டு கோல்கள் மிசோரத்தின் ஜெஜெ லால்பெக்லுவா போட்டவை. மற்றொன்று சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் போட்டது. அந்த மூன்றும் இல்லையேல் பெங்களூருக்குப் போக வழி ஏது? இன்னும் ஒன்று கேளுங்கள். பட்டம் வென்ற அந்த அணி, அடுத்த 2018-19 பருவத்தில் பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. விலைக்கு வாங்கிய வலிமை ஓராண்டும் தங்கவில்லை.

வரலாறு அறிந்த சிலர் வேறொரு சான்றைக் காட்டுவர். 1891 இல் தோன்றிய கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது. அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுவே. அவ்வணி பெங்களூர் முதலான தொலைவூர்களிலிருந்து வீரர்களைத் திரட்டியதன்றோ என்று கேட்பர். திரட்டியது மெய்யே. ஆனால் எதற்காகத் திரட்டியது? கல்கத்தாவின் மழைக்காலச் சேற்றில் வெறுங்காலுடன் ஆடிய இந்திய வீரர்கள் வழுக்கினார்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளையர் அணிகள் வென்றன. குறை காலுக்கடியில் இருக்கிறது என்று கண்டார்கள். ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடவல்லவர்களைத் தேடினார்கள். தேவையை முதலில் துணிந்து, ஆளைப் பின்னர் தேடிய செயல் அது. நம் பட்டியல்காரர்களோ பெயரை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்பத் தேவையைப் பின்னர் புனைகிறார்கள்.

‘ளுல்ம்’ என்னும் அரபுச் சொல்லை நாம் அநீதி என்று பெயர்க்கிறோம். ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தலே ளுல்ம் என்று அரபு மொழியறிஞர் அதன் வேரை விளக்குவர். வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். ஆளை ஆராய்ந்து தெளிவது ஒன்று. தெளிந்தபின் அவனுக்குரிய பணியில் அவனை அமர்த்துவது மற்றொன்று. முன்கள வீரனைத் தற்காப்பில் நிறுத்தினால் அநீதி என்று நம் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். பந்தாட வேண்டிய சிறுவனைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்த்தி வைப்பது எவ்வகை நீதி? அதைப் பற்றி எவரேனும் கொதித்ததுண்டா?

கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கட்தொகைக் கணக்கின்படி மிசோரம் மாநிலம் முழுவதிலும் வாழ்ந்தவர் ஏறத்தாழ 11 லட்சம் பேர். நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 26 லட்சம் பேர். நம்மில் பாதிகூட இல்லாத அந்த மலைநாடு 2014 இல் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன் தலைநகரத்து அணியான ஐசால் எஃப்.சி. 2017 இல் ஐ-லீக்கை வென்றது. அவர்கள் கால்களும் நம் கால்களும் ஒரே தசையால் ஆனவையே. அவர்கள் தம் ஊரில் லீக் நடத்தினார்கள். நாம் அடுத்தவர் லீக்குக்குப் பட்டியல் போட்டோம்.

நம் மண் விளையாத மண் என்பாருண்டோ? உண்டெனில் அவர்கள் கடலூரின் பெண்மக்களை ஏறிட்டுப் பார்க்கட்டும். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்த மாவட்டத்துப் புழுதியில் வளர்ந்தவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையைச் சூறையாடிய பின்னர், பற்றுக்கோடின்றி நின்ற சிறுமியர் சிலருக்கும் இங்கே பந்து ஊன்றுகோலாயிற்று. கடலூர் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தின் அணி 2017-18 இல் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடியது. 2018 பிப்ரவரியில் கட்டக் நகரில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு தேசிய மகளிர் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. 2019 இல் மதுரையின் சேது அணி மகளிர் லீக்கை வென்றது. 2023 இல் அமிர்தசரஸில் அரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது. அதே ஆண்டில் கேரளத்தின் கோகுலம் அணி மகளிர் லீக்கை வென்றபோது நம் இந்துமதியும் சந்தியாவும் அவ்வணியில் இருந்தனர். சென்னை ஆடவர் அணிக்குக் கேரளத்திலிருந்து யாரை வாங்கலாம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கையில், கேரளம் நம் வீட்டு மகளிரை அழைத்துச் சென்று பட்டம் வென்றது!

‘அது மகளிர் ஆட்டம், கூட்டம் வராது, கணக்கில் சேராது’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவர். கூட்டம் வராமைக்குக் காரணம் கூட்டமாகிய நாம்தாமே! நாம் போகாத இடத்தில் கூட்டம் இல்லை என்று நாமே குறை கூறுவது என்ன தருக்கம்? 2025 ஜூலை 5 அன்று இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 என்று வென்றது. தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை. அதே மாதத்தில்தான் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் ஆடவர் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. பல மாதங்கள் லீக் ஆட்டமின்றிக் கழிந்தன. கோடிகளால் கட்டிய கட்டடம் ஒரு கையெழுத்து இல்லாமையால் ஆடிப்போயிற்று. புழுதியில் முளைத்த பயிர் தலைநிமிர்ந்து நின்றது.

அந்த மாதங்களில் ஊதியம் வருமோ வராதோ என்று ஏங்கிய வீரர்களை நினைத்துப் பாருங்கள். ‘வாங்கு’, ‘விற்றுவிடு’, ‘தூக்கியெறி’ என்ற சொற்களை நாம் எத்துணை எளிதாக வீசுகிறோம்! சந்தையில் மாட்டைப் பற்றிப் பேசுவோரும் அதன் தீனியைப் பற்றி ஒரு சொல் சேர்த்துப் பேசுவர். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு தாயும், அடைக்க வேண்டிய கடனும், அஞ்ச வேண்டிய முழங்கால் காயமும் உண்டு.

பட்டியலே கூடாதென்பதன்று என் கட்சி. பட்டியல் போடுங்கள்; ஆனால் உங்கள் கைக்கெட்டும் அணிக்குப் போடுங்கள். நம் பள்ளிகளில் பந்தாடும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் இடக்காலால் ஆடுவோர் எவர்? கோல் காக்கும் பயிற்சி பெற்றவர் ஒருவரேனும் உண்டா? வாரத்தில் எத்தனை மாலை அவர்களுக்கு மைதானம் கிடைக்கிறது? பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் முடிந்தபின் தரையில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்குபவர் யார்? சிறுமியர் உடைமாற்ற ஓர் அறை உண்டா? பயிற்சியாளருக்குப் பேருந்துக் கட்டணமேனும் தருகிறோமா? பூட்ஸ் வாங்க இயலாத பிள்ளைக்கு யார் வாங்கித் தருவது? இந்தத் தேவைகளைத் தீர்க்கக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் செலவாகும் மாலைகளில் வாரத்துக்கு ஒன்றும், தேநீருக்குச் செலவாகும் காசில் ஒரு பகுதியும் போதும்.

‘இப்பருவத்துக்கு வேண்டியதை இப்போதே செய்ய வேண்டும், பிள்ளைகள் வளரும்வரை காத்திருக்க முடியுமா?’ என்பது இறுதிக் கேள்வி. விதிகளே அதற்கு விடை கூறுகின்றன. 2014 இல் ஓர் அணி ஒரே வேளையில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம் என்றிருந்தது. 2017-18 இல் அது ஐந்தாகி, 2021-22 இல் நான்காகச் சுருங்கிற்று. பதினொருவரில் எழுவர் இந்தியராக இருந்தே தீர வேண்டும் என்றாயிற்று. அந்த எழுவரை எல்லாக் கழகங்களும் ஒரே சிறு குளத்தில்தான் வலைவீசித் தேடுகின்றன. குளத்தைப் பெருக்காமல் வலையை மட்டும் பெரிதாக்கினால் மீன் பெருகுமா? 1987 இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் கால்பந்துப் பயிற்சிக் கழகம் கண்டபோது சூப்பர் லீக் என்ற பெயர்கூட இல்லை. பின்னாளில் வந்தோர் பலரும் அக்குளத்தில் அள்ளிக்கொண்டனர்.

எனவே, கால்பந்து அன்பர்களே, நீங்கள் எழுதும் அடுத்த பட்டியலில் பன்னிரண்டு வயதுடைய ஒரு கடலூர்ப் பிள்ளையின் பெயராவது இருக்கட்டும். அப்பெயரை எழுதியவரே அந்தப் பிள்ளையின் பூட்ஸுக்கும் பேருந்துக்கும் பொறுப்பேற்கட்டும். பத்தாண்டு கழித்து எந்த ஊர்க் கழகமேனும் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் எழுதுமாயின், அன்று உங்கள் ஆட்ட அறிவை நானும் வாயாரப் போற்றுவேன். அதுவரை நீங்கள் தேர்வாளர் அல்லர்; வேடிக்கை பார்ப்போரே.