கண்ணீருக்கு அப்பால்: சின்னத்திரையும் பெண் விழிப்புணர்வும்

இயல், இசை, நாடகம் என மொழியையே மூன்றாகப் பகுத்துக் கண்டது தமிழ் மரபு. கூத்துக் களத்திலும் சபா மேடையிலும் நிகழ்ந்த நாடகம் இன்று வீட்டுக் கூடத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் தொடங்கி இரவு உணவு முடியும்வரை அது தொடர்கிறது. அந்நாடகங்களின் நடுவே நிற்பவள் பெண். அவற்றை நாள்தோறும் பார்ப்போரிலும் பெண்களே மிகுதி. மாமியாரும் மருமகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து, மாமியாரும் மருமகளும் பற்றிய கதையைப் பார்க்கும் வாய்ப்பை வேறெந்தக் கலையும் இவ்வளவு எளிதாகத் தருவதில்லை. எனவே, பெண்களின் சமூகச் சிக்கல்கள் குறித்து விழிப்புணர்வு ஊட்டுவதற்குத் தொலைக்காட்சி நாடகம் மிகச் சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு வினா எஞ்சுகிறது. பெண்ணின் துன்பத்தைக் காட்டுவதும் அத்துன்பத்தைப் பற்றிய விழிப்புணர்வை ஊட்டுவதும் ஒன்றா?

இரண்டு ஓடைகள்

இவ்வினாவுக்கு விடை தேடச் சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் வரலாறு துணைசெய்யும். பெண் முன்னேற்றத்துக்கான முயற்சியும் நாடகக் கலையும் இங்கு அருகருகே வளர்ந்தன. 1917ஆம் ஆண்டு அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று குரல் எழுப்பிய தொடக்ககால அமைப்புகளுள் அது ஒன்று. சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். சட்டத்தை மாற்றுவதும், புகலிடம் அமைப்பதும், கல்வி தருவதும் ஒன்றோடொன்று இணைந்தால்தான் பெண்ணின் நிலை உயரும் என்பதை அவருடைய பணி உணர்த்தியது.

மற்றோர் ஓடை மேடையில் பாய்ந்தது. 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபின், கற்றவர்கள் நாடகம் நடிப்பது இழிவன்று என்னும் எண்ணம் வேரூன்றியது. பிற்காலத்தில் மயிலாப்பூரின் ரசிக ரஞ்சனி சபாவும் தியாகராய நகரின் வாணி மகாலும் குடும்ப நாடகங்களின் களங்களாயின. அலுவலகப் பணி முடிந்து வந்து ஒத்திகை பார்த்த இளைஞர்களே அம்மேடைகளை நிரப்பினர். அவர்களுள் ஒருவராக வளர்ந்தவர் கே. பாலசந்தர்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியதும் இவ்விரு ஓடைகளும் கலக்கும் காலம் வந்தது. சபா மேடையின் குடும்பக் கதைகள் தொலைக்காட்சிக்கு வந்தன. எழுத்தாளர் சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை', குடிநோய் ஒரு மனிதனையும் அவனைச் சார்ந்த குடும்பத்தையும் எவ்வாறு அரிக்கிறது என்பதைத் தொடராகக் காட்டியது. 1991ஆம் ஆண்டு சுஹாசினி இயக்கிய 'பெண்' என்னும் தொடர், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தனிக்கதையாகச் சொன்னது. பாலசந்தரும் 'இரயில் சிநேகம்' முதலிய தொடர்களின் வழியாகச் சின்னத்திரைக்கு வந்தார்.

அயல்நாட்டு விதையும் தில்லி விளைச்சலும்

நாடகம் வாழ்வை மாற்றும் என்பதற்குப் பெரு நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1969ஆம் ஆண்டு அங்கு ஒளிபரப்பான 'சிம்ப்ளமெண்டே மரியா' என்னும் தொடரில், வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண்ணொருத்தி தையல் கற்று வாழ்வில் உயர்கிறாள். அத்தொடரைப் பார்த்த பெண்கள் தையல் வகுப்புகளை நாடினர். தையல் இயந்திரங்களின் விற்பனை பெருகியது. இதனை உற்றுநோக்கிய மெக்சிகோவின் மிகேல் சபிதோ, முதியோர் கல்வி, குடும்ப நலம் போன்ற கருத்துகளைக் கதையோடு பின்னித் தொடர்களை உருவாக்கினார்.

அம்முறையைப் பின்பற்றி இந்தியாவில் உருவானதே 'ஹம் லோக்'. 1984ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கிய அத்தொடர், பெண்ணின் நிலை, குடும்ப நலம், மதுவின் தீமை ஆகியவற்றைப் பேசியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையின் கருத்தை எடுத்துரைத்தார். இத்தொடரின் தாக்கத்தை அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அப்போது எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. எல்லாவற்றையும் வாய்திறவாமல் தாங்கிக்கொள்ளும் தாயாகப் பாகவந்தி என்னும் பாத்திரம் படைக்கப்பட்டிருந்தது. இவ்வாறு வாழக்கூடாது என்று காட்டுவதே படைத்தவர்களின் நோக்கம். ஆனால், பார்வையாளர் பலர் அவளையே பின்பற்றத்தக்க பெண்ணாகப் போற்றினர்.

இது சிந்திக்கத்தக்கது. துன்பத்தைக் கண்டு பார்வையாளர் அழுதனர். ஆனால், துன்பத்தின் காரணத்தைக் கண்டு சினம் கொள்ளவில்லை. மாறாக, பொறுமையை வணங்கினர். கண்ணீர் மட்டுமே விழிப்புணர்வாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வில்லியின் பின்னே மறையும் வழக்கம்

தனியார் அலைவரிசைகள் பெருகியபின் நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்களின் காலம் பிறந்தது. 1999இல் தொடங்கிய 'சித்தி' பெண்ணை நாயகியாகக் கொண்ட தொடர்களுக்குப் பெரும் வரவேற்பைத் தேடித் தந்தது. 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கவலைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. மணமான பெண்ணின் வாழ்வு புகுந்த வீட்டாரின் மனநிலையைப் பொறுத்தே அமையும் கொடுமையை அது எளிய மக்களின் பேச்சு மொழியில் காட்டியது.

எனினும், நெடுந்தொடர்களுக்கென்று ஒரு வணிக நெறி உண்டு. கதை முடிந்தால் வருவாயும் முடியும். ஆகையால் சிக்கல் தீரக்கூடாது. தீர்வு நெருங்கும் வேளையில் ஒரு கடிதம் தொலையும். ஒரு விபத்து நேரும். ஒரு சூழ்ச்சி வெல்லும். பெண்ணின் துன்பம் நீள்வதே கதையின் எரிபொருளாகிவிடுகிறது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வரதட்சணை ஒரு சமூக வழக்கம். அதனைத் தாங்கி நிற்பவர் பலர். கேட்கும் மணமகன், வாய்மூடி இருக்கும் தந்தை, ஊர் மதிப்புக்காகக் கடன் வாங்கும் பெற்றோர், கேட்டும் கேளாததுபோல் விருந்துண்டு செல்லும் உறவினர் ஆகிய அனைவரும் அதில் பங்குடையவர்கள். நெடுந்தொடரோ இவர்கள் அனைவரின் பொறுப்பையும் எடுத்து ஒரே ஒரு வில்லியின் தலையில் வைத்துவிடுகிறது. அவள் கண்ணை உருட்டுகிறாள். பின்னணி இசை முழங்குகிறது. பார்ப்பவரும், 'நம் வீட்டில் இத்தகைய கொடியவள் இல்லை' என்று ஆறுதல் அடைகின்றனர். வில்லி தோற்றதும் தீமை தோற்றதாகக் கருதப்படுகிறது. வழக்கம் மட்டும் தோற்காமல் நிற்கிறது. பெண்ணுக்குப் பெண்ணே பகை என்னும் பொய்யும் வலுப்பெறுகிறது.

விளம்பரமும் இம்முரணில் பங்குகொள்கிறது. நகை போதவில்லை என்று மருமகளை இகழும் காட்சி முடிந்தவுடன், மணப்பெண்ணைத் தலைமுதல் கால்வரை பொன்னால் மூடிக் காட்டும் நகைக்கடை விளம்பரம் வருகிறது. கதை எதைக் கண்டிக்கிறதோ, அதனையே இடைவேளை கொண்டாடுகிறது.

அன்றாடக் காட்சியின் ஆற்றல்

அவ்வாறாயின் தொடர்களால் பயனே இல்லையா? அப்படிக் கூறுவது நடுநிலை ஆகாது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியல் அறிஞர்கள், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து பகுதிகளின் ஊரகக் குடும்பங்களிடம் 2001 முதல் 2003 வரை திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். கம்பிவடத் தொலைக்காட்சி வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பான்மை குறைந்திருந்தது. ஆண் குழந்தையே வேண்டும் என்னும் விருப்பமும் தணிந்திருந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியிருந்தது.

நீதி புகட்டவென்று எடுக்கப்படாத நிகழ்ச்சிகளுக்கு இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? அவற்றில் பெண்கள் வேலைக்குச் சென்றனர். தம் கையில் பணம் வைத்திருந்தனர். தனியே வெளியூர் சென்று வந்தனர். அக்காட்சிகளை எவரும் அறிவுரையாகச் சொல்லவில்லை. அவை இயல்பாக நடந்தன. நாள்தோறும் கண்டதனால் பார்ப்பவருக்கும் அவை இயல்பாயின. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கும் பொருந்தும்.

திருச்செல்வம் இயக்கிய இரண்டு தொடர்களை ஒப்பிட்டால் காலத்தின் மாற்றம் புலப்படும். 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'கோலங்கள்' தொடரின் அபி, குடும்பத்தைத் தாங்கும் பெண். கட்டுமானத் தொழிலில் தன் பெயரை நிலைநாட்டப் போராடுபவள். பெண் வெளியே சென்று வெல்ல முடியுமா என்பது அக்கதையின் வினா. 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', பட்டம் பெற்ற பெண்களை மருமகள்களாகக் கொணர்ந்து சமையலறைக்குள் நிறுத்தும் ஒரு குடும்பத்தைக் காட்டியது. படித்த பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது யார், அவ்வதிகாரத்தை அவருக்கு அளித்தது எது என்பது இதன் வினா. இங்கே கேள்விக்குள்ளாவது ஒருவரின் கொடிய மனம் மட்டுமன்று; குடும்பத் தலைமை என்னும் அமைப்பும் ஆகும். தொடர் நாடகம் வளரக்கூடிய திசையை இவ்வேறுபாடு காட்டுகிறது.

தெருவில் நிற்கும் பெட்டி

இன்னும் செல்ல வேண்டிய தொலைவு மிகுதி. 'வீட்டை விட்டு வெளியே போ' என்னும் உரையாடலும், கையில் பெட்டியுடன் மழையில் நிற்கும் மருமகளும் தொடர்களில் பழகிப்போன காட்சிகள். ஆனால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், சட்டத்தின் வழியன்றி அவளை வெளியேற்ற இயலாது. அடிப்பது மட்டுமன்று, இழிசொல் கூறுவதும், செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவதும் வன்முறையே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். 181 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம். மழையில் நிற்கும் அந்த மருமகள் ஒருமுறை அந்த எண்ணை அழைப்பதாகக் காட்டினால், கதையின் சுவை குன்றாது. பார்க்கும் பெண்ணொருத்திக்கு வழி கிடைக்கும்.

சொத்தும் அவ்வாறே. தந்தையின் சொத்துக்காக மகன்கள் மோதும் கதைகள் பல. மகளுக்கும் மூதாதையர் சொத்தில் சமபங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது; 2005இல் அவ்வுரிமை நாடு முழுவதற்கும் விரிவடைந்தது. பங்கு கேட்கும் மகளைப் பேராசைக்காரியாகச் சித்திரிக்கும் கதை, சட்டம் கொடுத்ததை மனத்தளவில் பறிக்கிறது.

யாருடைய கதை சொல்லப்படுகிறது என்பதும் நோக்கத்தக்கது. தொடர்களின் நாயகியர் பெரும்பாலும் அகன்ற கூடமும் மாடிப்படியும் கொண்ட வீடுகளில் வாழ்கின்றனர். தியாகராய நகரின் துணிக்கடைகளில் பகல் முழுதும் நின்றே பணிசெய்யும் பெண்களும், கண்ணகி நகரிலிருந்து விடியலில் பேருந்து ஏறி அடையாற்று வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களும் அக்கதைகளில் அரிதாகவே தோன்றுகின்றனர். கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஒரு நாடகத்துக்குரிய கரு இருக்கிறது. உப்பளத் தொழிலாளரின் வாழ்வை எழுதத் தூத்துக்குடிக்கே சென்று தங்கிச் செய்தி திரட்டினார் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன். அத்தகைய கள ஆய்வு தொடர்களின் கதையாசிரியர்களுக்கும் தேவை.

கலையா, பரப்புரையா?

கருத்தைத் திணித்தால் கலை கெடும் என்பர் சிலர். அது மெய்யே. இடையில் நின்று நீதி கூறும் நாடகத்தை எவரும் விரும்பார். ஆனால், கருத்தில்லாத நாடகம் என்று ஒன்று இல்லை. பொறுமையே பெண்ணுக்கு அணி என்று ஆயிரம் நாள் காட்டுவதும் ஒரு பரப்புரையே. அது பழைய பரப்புரை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேண்டுவது அறிவுரையன்று, மெய்ம்மை. சட்டமும் காவல் நிலையமும் உதவி எண்ணும் வேலைவாய்ப்பும் உள்ள இன்றைய தமிழ்நாட்டை அப்படியே கதைக்குள் அனுமதித்தாலே போதும். அங்கும் பெண் உடனே வென்றுவிடப்போவதில்லை. புகார் எழுதத் தயங்குவாள். தாய்வீடு திரும்பிப் போகச் சொல்லும். அலுவலகங்களில் காத்திருக்க நேரும். அப்போராட்டத்தில் நாடகத்துக்கு வேண்டிய சுவை அனைத்தும் உண்டு.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் மூன்றில் ஒருவருக்கு மேல் கணவனின் வன்முறையைச் சந்தித்துள்ளனர். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சிமுன் அமரும் பெண்களுள் அவர்களும் இருக்கின்றனர். அவர்களுக்குத் தம் துன்பத்தின் நிழற்படம் தேவையில்லை. அதனை அவர்கள் நன்கு அறிவர். அத்துன்பம் விதியன்று என்பதும், அதிலிருந்து வெளியேற வாசல் உண்டு என்பதும், அவ்வாசலைக் கடந்தவர்கள் வாழ்கிறார்கள் என்பதுமே அவர்கள் அறிய வேண்டியவை. அழ வைத்த நாடகத்தை மக்கள் சில காலம் நினைவில் வைத்திருப்பர். எழுந்து நிற்க வைத்த நாடகம் அவர்கள் வாழ்விலேயே தங்கிவிடும்.