தேநீரின் நிறமும் குணமும்

தேயிலைத் தூள் வாங்கி வந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கலர் இறங்குகிறதா?" என்பதுதான். கறுக்க இறங்கினால் சிலாக்கியமான சரக்கு. வெளுத்திருந்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியினால்தான் நஷ்டம்.

தேயிலையை ருசி பார்த்து மதிப்பிடும் நிபுணர்கள், அதை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கிறார்கள். 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷ ஊறல் என்பது சர்வதேச முறை. அவர்கள் கருமையைக் காட்டிலும் தெளிவையும் பளபளப்பையுமே பெரிதாக மதிக்கிறார்கள்.

காரணம் இதுதான்: கொழுந்து நசுங்கிக் காற்றுப்படும்போது இருவித நிறப்பொருள்கள் உண்டாகின்றன. தியாபிளேவின் பொன்னொளியும் துடிப்பான ருசியும் தருவது. தியாரூபிஜின் செம்பழுப்பு நிறமும் கனமும் தருவது. அளவுக்கு மிஞ்சிக் காற்றாட விட்டால் முன்னது குறைந்துவிடும். தேநீர் கறுக்கும், ஆனால் மங்கிப்போகும். டார்ஜிலிங்கின் முதற்பருவக் கொழுந்து இளம் பொன்னிறமாகவே இறங்குகிறது. அதன் விலையோ மிக அதிகம்.

பால் விட்டுப் பாருங்கள். நல்ல தூளானால் தேநீர் பொன் கலந்த செம்மையாக மிளிரும். மட்டமானதானால் சாம்பல் பூத்தாற்போலிருக்கும். ஆறிய டிகாக்ஷன் கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிட வேண்டாம். காபீனும் தியாபிளேவின் போன்ற பொருள்களும் சேர்ந்து திரள்வதே அந்தக் கலங்கல். சரக்கில் சாரம் இருப்பதற்கு அது அடையாளம். சுடவைத்தால் தெளிந்துவிடும்.

கருமையையே நாம் கேட்பதால், அதைச் சாயத்தில் காய்ச்சிக் கொடுப்பவர்களும் கிளம்பி விடுகிறார்கள். ஒரு முறை வடித்த சக்கையை உலர்த்தி, நிறமேற்றி, மறுபடி விற்பதுண்டு. தேயிலையில் சாயம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். ஆயினும் சில்லறையாக வாங்கும் ஏழைக் குடும்பங்களே இந்த மோசத்துக்கு எளிதில் இலக்காகின்றன. கொடுத்த காசும் போய், சாயமும் குழந்தைகள் வயிற்றில் சேருகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைச்சாலை வேண்டியதில்லை. வெள்ளை வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி, தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளை உதறி, தாளைக் குழாயடியில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திட்டுத்திட்டாகக் கறை தெரிந்தால் அது தேயிலையின் நிறமன்று. புதுக் கடையில் வாங்கும்போதெல்லாம் இதைச் செய்து பார்ப்பது நல்லது. கறை கண்ட தூளைக் குப்பையில் போடாமல், பொட்டலத்தோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள். அடுத்த வீட்டுக்கும் அது உபகாரமாகும்.