வலிப்புக்குச் சாவி மருந்தா?

நடுத்தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். கூட்டம் கூடுகிறது. "சாவிக்கொத்தைக் கையில் கொடு" என்கிறார்கள். சிறிது நேரத்தில் வலிப்பு நிற்கிறது. சாவிதான் காப்பாற்றியது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

இது தவறு.

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மிக மெல்லிய மின்சாரத்தால் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. மனித மூளையின் மின்சாரத்தை 1924-ம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்தவர், ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர்.

ஏராளமான அணுக்கள் கட்டுப்பாடு இழந்து ஒரே நேரத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் சாவிக்கு!

விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அமுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

இது பேயும் அல்ல, சாபமும் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. தகுந்த மருந்து சாப்பிட்டால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம்.

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-ம் ஆண்டில் அதை நீக்கிவிட்டார்கள்.

சட்டம் திருந்திவிட்டது. நாம் திருந்த வேண்டாமா?