விளக்குக்கு எஜமானர் யார்?

2016 மே மாதம் அமெரிக்காவில் ரிவால்வ் என்ற சிறு பெட்டி வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. சுமார் 300 டாலர் கொடுத்து அதை வாங்கியவர்கள் விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் அதன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பெட்டியில் பழுது ஏதுமில்லை. 2014-ல் ரிவால்வை விலைக்கு வாங்கிய நெஸ்ட் நிறுவனம் எங்கோ இருந்த சர்வரை மூடிவிட்டது, அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களும் முன்னறிவிப்பின்றி மௌனமாயின.

பெங்களூரிலும் புனேயிலும் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இன்று ‘ஸ்மார்ட்’ பல்பும் ஸ்விட்சும் சகஜமாகப் பொருத்துகிறார்கள். இவற்றில் கணிசமானவை வை-ஃபை வழியாக எங்கோ உள்ள சர்வரிடம் உத்தரவு பெற்றே இயங்குகின்றன. படுக்கையறையில் பிறக்கும் கட்டளை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து ஹாலில் விளக்கேற்றுகிறது. இன்டர்நெட் அறுந்தால் ஆப் வெறும் படம். கம்பெனி மூடப்பட்டால் நிரந்தர இருட்டு.

வீட்டின் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் நாடும் வழிகளில் ஒன்று ஜிக்பீ. 2004 டிசம்பரில் முதல் வடிவம் பெற்ற ரேடியோ தரம் இது. வேகம் வினாடிக்கு 250 கிலோபிட். சினிமா பார்க்க உதவாது; ‘கதவு திறந்தது’, ‘விளக்கை அணை’ என்று சொல்லத் தாராளம். மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் ஜிக்பீ சாதனங்களில் பெரும்பாலானவை செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. தேனீக்களின் நடனத்திலிருந்து பெயர் வந்தது பொருத்தமே.

இந்தத் தேனீக்களுக்கு ஒரு கூடு வேண்டும். 2013-ல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் அதற்கு மிகவும் பிரபலம். பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்பெரி பையிலோ ஓடும். அதில் ஒரு யு.எஸ்.பி. ஜிக்பீ ஸ்டிக்கைச் செருக வேண்டும். ஸ்டிக்கையும் ஹோம் அசிஸ்டன்டையும் இணைக்கும் பாலம் எது என்ற கேள்வியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

பிரதானமான பாலங்கள் மூன்று. முதலாவது இசட்.எச்.ஏ. ஹோம் அசிஸ்டன்டுக்குள்ளேயே இருப்பது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஸ்டிக்கைச் செருகி நாலைந்து முறை க்ளிக் செய்தால் முடிந்தது. குறை: ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கும்போது இதுவும் சேர்ந்து படுத்து எழும். அதிகம் புழங்காத பிராண்டுகளின் சில வசதிகள் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது ஜிக்பீ டு எம்.க்யூ.டி.டி. 2018-ல் கூன் காண்டர்ஸ் தொடங்கியது. இது ஆதரிக்கும் சாதனங்கள் 4,000-க்கும் அதிகம். தனி நிரலாக ஓடுவதால் ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கினாலும் ஜிக்பீ வலை அறுவதில்லை. ஆனால் நடுவே செய்திகளை வாங்கிக் கொடுக்க ஒரு ‘தபால் நிலையம்’, அதாவது எம்.க்யூ.டி.டி. புரோக்கர் வேண்டும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-ல் உருவான தபால் முறை இது. நம்பகமானது, ஆனால் பராமரிக்க இன்னொரு பண்டம்.

மூன்றாவது ஜெர்மனியின் டிரெஸ்டன் எலக்ட்ரானிக் நிறுவனத்தின் டிகான்ஸ். அந்த நிறுவனத்தின் ஸ்டிக்குகளுக்கென்றே செய்யப்பட்டது. அவற்றை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தவிர மற்றவர்கள் இதிலிருந்து தொடங்கக் காரணமில்லை.

அப்படியானால் எது? பல்பு, பிளக், கதவு சென்சார் என்று பத்து சாதனங்களோடு தொடங்குகிறவருக்கு இசட்.எச்.ஏ. போதும். வாங்க நினைக்கும் சாதனம் அபூர்வமானதா, அதன் ஒவ்வொரு வசதியும் தேவையா, ஐம்பது அறுபது சாதனங்கள் வரை போகும் உத்தேசம் உண்டா? அப்போது ஆரம்பத்திலேயே இரண்டாவது வழிக்குப் போவது நல்லது. காரணம், பின்னால் பாலத்தை மாற்றினால் சாதனங்களைப் பொதுவாக ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். ஒரே ஸ்டிக்கை இரண்டு பாலங்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளவும் முடியாது.

ஆகவே பாலத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டிக். முதல் இரண்டுக்கும் பொருந்துவதை வாங்கினால் மனம் மாறினாலும் பணம் போகாது. மலிவாகக் கிடைக்கும் பழைய சிசி2531 வேண்டாம். கொஞ்சம் சாதனங்கள் சேர்ந்ததுமே திணறும். யு.எஸ்.பி. 3 போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீயின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்பதால், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் ஸ்டிக்கைத் தள்ளி வைப்பது உத்தமம். சுற்றிலும் வை-ஃபை மொய்க்கும் அடுக்குமாடிகளில் ஜிக்பீக்கு 15, 20, 25 ஆகிய சேனல்களே ஓரளவு ஒதுங்கி நிற்கக்கூடியவை. இதை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். பிறகு மாற்றினால் சில சாதனங்கள் வழிதவறும்.

இவ்வளவும் சரியாகச் செய்த வீட்டிலும் வலை அறுவதுண்டு. காரணம், சிக்கனம். அறையை விட்டுப் போகும்போது ஸ்விட்சை அணைப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் ரத்தத்தில் ஊறியது. ஸ்மார்ட் பல்பின் ஸ்விட்சை அணைத்தால் அந்த பல்பு மட்டுமல்ல, அதன் வழியே செய்தி அனுப்பிய பால்கனி சென்சாரும் ஊமையாகும். பெரியவர்களைத் திருத்துவதைவிட, பழைய ஸ்விட்சை அப்படியே வைத்துக்கொண்டு போர்டுக்குப் பின்னால் ரிலே மாட்யூல் பொருத்துவது சுலபம். நியூட்ரல் வயர் இணைக்கும் வகையாக இருந்தால் பெரும்பாலும் அதுவே செய்தியையும் கடத்தும். எலக்ட்ரீஷியனை வைத்தே பொருத்த வேண்டும்.

அடுத்தது மின்வெட்டு. கம்ப்யூட்டரும் ஸ்டிக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு கெட்டுவிடக்கூடும். பேக்கப்பின் ஒரு பிரதி வேறு இடத்தில் இருப்பது அவசியம்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் அமைத்தவர் வெளியூர் போயிருக்கும்போது வீட்டில் இருப்பவருக்கு என்ன தெரியும்? எந்தப் பாலம், எந்தச் சேனல், பேக்கப் எங்கே, பாஸ்வேர்ட் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி மின் மீட்டர் அருகே பாதுகாப்பாக வைப்பது நல்லது. தொலைதூரக் கம்பெனியிடமிருந்து வீட்டை மீட்டு, வீட்டிலுள்ள ஒரே ஒருவரிடம் அடகு வைத்தால் அது சுதந்திரமாகாது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் பாட்டி ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். அந்தப் பரீட்சையில் தேறுகிற எந்தப் பாலமும் நல்ல பாலமே.